மாமனுக்கு ஆகாத பல்

தம்பிக்கு முதலில் மேல்பல் முளைத்தது. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதுவும் அவனுக்கு வந்தவை சாதாரணப் பற்களா? கருவேல முள் மாதிரி கூராக இரண்டு. அதற்குமேல் ஒன்றுகூட முளைக்கவில்லை. உடையார்பாளையத்து மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

அப்பாவுக்கு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலை. சித்திரை வெயிலில் ஊரே வேர்த்து ஊற்றும்போது தம்பிக்கு மட்டும் ஒரு சொட்டு வேர்க்காது. உடம்பு கொதிக்கும், அம்மா ஈரத்துண்டைச் சுற்றிவிடுவாள். ஐந்து வயதாகியும் தலையில் பூனைமுடிதான். வேர்க்காத உடம்பு மனுஷ உடம்பே இல்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து நான் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுப்பதில்லை.

அவனுக்குக் காதும் குத்தவில்லை. மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? மாமன் இல்லாத பிள்ளைக்கு ஒன்றுவிட்ட மாமனையாவது பிடித்து உட்கார வைப்பார்கள். இருக்கிற மாமனே மடி தரவில்லை என்றால் ஊர் அந்தப் பிள்ளையை என்னவென்று நினைக்கும்? அம்மாவை அரித்தது அதுதான்.

பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரம்மா அவனைப் பார்த்தார். இது பிறவியிலேயே வருவது, தோல், முடி, பல் மூன்றும் சரியாக உருவாகாது, குட்டியாகப் பல்செட் போடலாம் என்றார். அம்மா பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு "இல்லைங்க" என்றாள். நான் சும்மா இருப்பேனா? "எங்க மாமாவுக்குப் பல்லு வரிசையா அம்சமா இருக்கும் டாக்டர்" என்று எடுத்துவிட்டேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நல்லதைச் சொன்னதற்கு ஏன் கிள்ளு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பல்செட் வந்தது. சிவந்த ஈறும் அரிசிப் பற்களுமாக டப்பாவுக்குள் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு வாயி?" என்று கேட்டான். போட மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டான். டப்பா அலமாரிமேல் ஏறியது. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அது எதையோ மென்றுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். அந்த அறைக்கே போக மாட்டேன்.

கடைசியில் அம்மா போனில், "அண்ணே, நீ வந்தாத்தான் ஆவும்" என்று அழுதாள்.

மாமா உச்சி வெயிலில் வந்தார், வழக்கம்போல் தலையில் ஈரத்துண்டோடு. "வாடா மருமவனே" என்று தம்பியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

துண்டை அவிழ்த்தார். தலையில் தம்பியின் அதே பூனைமுடி. பிறகு வாய்க்குள் விரலை விட்டார். அந்த வரிசைப் பல் அத்தனையும் ஒரே பிடியில் கையோடு வந்தது. கன்னம் உள்ளே போய், மூக்கும் தாடையும் கிட்டே வந்துவிட்டன. என் மாமாவைக் காணோம். யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்து தம்பியின் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார், கூராக இரண்டே பல்லோடு. ஜன்னலை விட்டு ஓரடி பின்னால் போய், மறுபடி கண்ணை வைத்தேன்.

தம்பி பயப்படவில்லை. விரலை நீட்டி மாமாவின் அந்த இரண்டு கூர்ப்பற்களைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன்னுடையதைத் தொட்டுக்கொண்டான்.

"எனக்கும் இப்படித்தான்டா. யாருக்கும் சொல்லல" என்று மாமா குழறினார். "சேந்து போட்டுக்குவமா?"

ஆவணியில் காது குத்தினோம். மாமா தலையில் துண்டு கட்டாமல் வந்து அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். ஊர் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தது.

அடுத்த முறை பெரம்பலூர் போனபோது டாக்டரம்மா என்னையும் வாயைத் திறக்கச் சொன்னார். எனக்கும் ஓரத்துப் பல் ஒன்று கூராக இருந்ததாம். இது அம்மா வழியாகப் பையன்களுக்கு வருவது, பெண்ணுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே அவ்வளவாகத் தெரியாது, கல்யாணமானால் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். என் காதில் ஏறியது கூர்ப்பல் ஒன்றுதான். மாமாவுக்கும் தம்பிக்கும் இருப்பது எனக்கும் இருக்கிறது என்று ஒரே பெருமை. அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டே வந்தேன். அம்மா என் வயிற்றைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்திருந்தாள். பஸ் குலுக்கலில் நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.