ஜெரால்டு பூசிய ஆயில் கறை

ஜெரால்டு போய்விட்டான்.

காலையில் அவன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தாள். "அக்கா, மூச்சு நின்னுருச்சு..."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் நான் பில்லிங் பார்க்கும் பைக் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருந்தவன். வீட்டு மாடி அறையில் குட்டி விமானங்கள் செய்வான். பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டி, ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் அடித்து, கடைசியில் அதைப் பழசாக்குவான்.

ஆமாம், பழசாக்குவதுதான் அவனுக்குப் பெரிய வேலை. வெள்ளி நிறம் அடித்து, தண்ணீர் தெளித்து, உப்பைப் பொடித்துத் தூவுவான். அது காய்ந்ததும் மேலே பச்சை அடிப்பான். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயின்ட் உரிந்து உள்ளே தகடு தெரிவது மாதிரியே இருக்கும்.

பல நாள் அது எங்கள் வீட்டு உப்பு. டிபன் பாக்ஸ் மூடியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்...

ஒருமுறை அந்த அறைக்குப் போனேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். கதவுக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்திருந்தான். ஈரப் பெயின்டில் தூசி விழக் கூடாதாம். தின்னர் வாடையில் எனக்குக் கண் எரிந்தது.

மாஸ்க் ஆணியில் தொங்கியது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "போட்டா கண்ணாடில ஆவி புடிக்குதுக்கா. கோடு தெரிய மாட்டேங்குது."

தலையணைகூடத் தின்னர் நாறுகிறது என்று ஸ்டெல்லா சொன்னாள். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அதற்குப் பிறகுதான் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் வந்தார். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் லாரி வைத்திருப்பவர். ஜெரால்டின் விமானங்களை யாரோ வாட்ஸ்அப்பில் அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அவருடைய ஒரே மகன் வடக்கே எங்கோ பைலட் பயிற்சியில் இருந்தபோது விமானம் விழுந்து இறந்துபோனான். பையனின் தவறுதான் என்று சொல்லி முடித்துவிட்டார்களாம். முந்தின நாள் சாயங்காலம் அதே விமானத்தின் முன்னால் நின்று அவன் அனுப்பிய போட்டோ அவர் போனில் இருந்தது. அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்து தர வேண்டும் என்று கேட்டார்.

ஜெரால்டு ஒப்புக்கொண்டான்.

பாதி வேலையில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் முன்னால் வைத்தான். போட்டோவைப் பெரிதாக்கியிருந்தான். பையனின் முகம் இல்லை. இன்ஜினுக்குக் கீழே, வயிற்றுப் பக்கம், கறுப்பாக ஏதோ.

"அழுக்குன்னா காத்து இழுத்த பக்கமா காஞ்சு கோடா நிக்கும்க்கா. அதத்தான் நான் தினம் வரையிறேன். இது ஈரம். கீழ தரையப் பாருங்க... இன்ஜின் ஆயில் சொட்டியிருக்கு."

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

அதை மட்டும் விட்டுவிடு, அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னேன். போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, "அப்படியே வேணும்னுதானக்கா கேட்டாரு" என்றான்.

வரைந்தான். மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பும் காவியும் கலந்து, காய்ந்த பிறகும் ஈரமாகவே தெரிகிற மாதிரி மேலே பளபளப்பு வார்னிஷ் கொடுத்து... அதைப் போல ஒன்றை அவன் செய்து நான் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்க வந்தார். அவரைத் தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று ஜெரால்டு என்னையும் வரச் சொல்லியிருந்தான்.

அவர் விமானத்தைக் கையில் ஏந்தி இறக்கையைத் தடவினார். மெதுவாகத் திருப்பினார். லாரிக்கு அடியில் படுத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்... அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, இது நீங்களா வெச்சதுங்களா... இல்ல போட்டோவுல இருக்குதுங்களா?"

"போட்டோல இருக்குங்கய்யா."

போனை எடுத்தார். எப்படித் தேய்த்தும் படம் பெரிதாகவில்லை. ஜெரால்டுதான் பெரிதாக்கிக் கொடுத்தான். அவர் தலை நிமிரவே இல்லை.

"எம்பட போன்லயேதான் இருந்திருக்குது. நான் அவன் மூஞ்சிய மட்டுமே பாத்துட்டு இருந்துட்டனுங்க."

ஸ்டெல்லா கொண்டுவந்த டீயை அவர் தொடவில்லை. விமானம் வைத்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ஜெரால்டின் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது அவனுடைய மூச்சு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் வக்கீலிடம் போனார். ஜெரால்டையும் கூப்பிட்டார். அதற்குள் அவனால் நாலு படி சேர்ந்தாற்போல் ஏற முடியவில்லை. நுரையீரல் போய்விட்டது, இத்தனை வருஷம் எதைச் சுவாசித்தாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

ஆனாலும் போனான். ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போய், தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். பொம்மை விமானம் செய்பவரின் பேச்சைக் கோர்ட்டில் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் கேட்டாராம். கேஸ் இன்னும் நடக்கிறது. எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் குழாய். என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான்.

"அந்தாளு இப்பத் தூங்குறதே இல்லையாம்க்கா. வரையாம விட்டிருக்கலாமோ?"

பையன் மேல் தப்பில்லை என்று அவருக்காவது தெரிந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நர்ஸ் வந்து, பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாளைக் காலை மாதா கோயிலில் பூசை. பிறகு அடக்கம். ஷோரூம் ஆட்கள் எல்லாரும் நேராகக் கோயிலுக்கே வந்துவிடுங்கள். ஸ்டெல்லாவுக்கு யாரும் போன் செய்ய வேண்டாம்... பாவம், இப்போதுதான் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறாள்.

ஜெரால்டு... தம்பி... போதும்ப்பா. கண்ணை மூடித் தூங்கு.