முன்னங்காலில் தடவிய மீன்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு ஓனரம்மா எப்போதும் நைட்டிக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருப்பார். சளிக்காய்ச்சலில் சாப்பாட்டையே விட்டுவிட்ட என் பூனையை அவரிடம் தூக்கிப்போனேன். மீனை மசித்து அதன் முன்னங்காலில் அப்பினார்.

“அழுக்கு தாங்காது இது. நக்கித்தான் ஆவணும். ருசி தெரிஞ்சா தானா துன்னும்.”

பூனை காலை நக்கியது. கொஞ்ச நேரத்தில் தானே தட்டுக்குப் போனது.

“நல்ல புள்ள” என்று அதன் தலையைத் தடவினார்.

பக்கத்தில் கட்டிலில், பக்கவாதத்தில் விழுந்த அவர் கணவர் கஞ்சி வேண்டாமென்று வாயை இறுக்கிக் கிடந்தார். ஓனரம்மா கஞ்சியை விரலால் வழித்து அவருடைய நல்ல கையில் அப்பினார்.

“பூனையே துன்னுது. நீ இன்னா காரணமே இல்லாம சும்னே அடம் புடிக்கிற?”

கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நக்கினார்.

“நல்ல புள்ள” என்று அவர் தலையையும் தடவினார் ஓனரம்மா. அந்தக் குரலில் உண்மையாகவே பிரியம் இருந்தது.