பேச்சியின் எண்ணெய்க் கிண்ணமும் என் ஒன்பது விதிகளும்

கார் கழுவும் தொழிலில் சேற்றை யார் வேண்டுமானாலும் போக்கிவிடலாம். யாருக்கு வேலை தெரியும் என்பதைத் தார்தான் காட்டிக்கொடுக்கும். புதிதாகப் போட்ட சாலையில் வண்டி ஓட்டிவிட்டு வீடு வந்து, வெள்ளைக் கதவின் அடியில் கரும்புள்ளிகளைக் கண்டு, ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்து, பிறகு மனைவிக்குத் தெரியாமல் மண்ணெண்ணெய் தேடியவர்களே, உங்களோடுதான் பேசுகிறேன். வெட்கப்பட வேண்டாம். நானும் சுரண்டியவன்தான்.

பசுமலையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது வருடம் புத்தகங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலை முடிந்ததும், என் மனைவியின் தம்பி செல்வம் சமயநல்லூரில் சாலையோரமாக நடத்தும் வாட்டர் சர்வீஸில் என்னை மேற்பார்வைக்கு உட்கார வைத்தான். நான் உட்கார்ந்த நேரம், எங்கள் வாசலில் தொடங்கிப் பல மைல் தூரத்துக்குச் சாலையைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். வருகிற வண்டியெல்லாம் அம்மை போட்டது போல வந்தது.

ஒன்பது விதிகள்

தார் எடுப்பது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, ஒரு பலகையில் ஒன்பது விதிகளை எழுதி மாட்டினேன். முதலில் தண்ணீர் அடித்து மணலைப் போக்கு. வண்டியை நிழலில் ஆறவிடு. பிளேடு, காசு, நகம் கூடாது. பெட்ரோல், தின்னர் கூடாது. துணியை அழுத்தாதே, மடிப்பை மாற்று. இப்படிப் போகும். ஏழாவது விதியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்: 'எந்த மருந்தையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொட்டுப் பார்.' தார் என்பது நிலக்கரியிலிருந்து வருவது, சாலையில் இப்போது ஊற்றுவது கச்சா எண்ணெயின் அடிமண்டி, இரண்டும் வேறு என்று பலகையின் அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன். அதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை.

தார் எடுக்கிற ஆள் சொல்லாமல் நின்றுவிட்ட ஒரு நாளில், வண்டிக்குள் போடும் மிதியடிகளைக் கழுவும் பேச்சியம்மாள் அந்த வேலையைத் தனக்குக் கேட்டாள். நாற்பது வயது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள். அதற்கு முன் எட்டு வருடம் சாலை போடும் கூட்டத்தில் தார்ச்சட்டி சுமந்தவள். பாதத்தில் வெந்த தழும்பு உண்டு. மழையில் வண்டி கழுவ வருகிறவர்கள் குறைந்துவிடுவதால், மிதியடி வேலை மழைக்காலம் வரைதான். அதன்பிறகு கொதிக்கிற தாருக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். செல்வம் யோசித்தான். ரோடு வேலை முடிகிற வரைக்கும் பார்ப்பதாகவும், ஒரே ஒரு புகார் வந்தாலும் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னான். அவள் சரியென்றாள். நான் ஒன்பது விதிகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். கடைசிவரை நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்புட்டும் சரிதான் சார். ஆனா நாங்க வேலை முடிஞ்சு காலக் கழுவுறப்ப இம்புட்டுப் படிச்சதில்ல."

ஐந்து ரூபாய்க் காசு

அவளுடைய ஆயுதம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். கழுவி ஆறிய வண்டியில், ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணெயில் நனைத்த பஞ்சை ஒற்றிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுவாள். கடைசிப் புள்ளிக்கு வைத்து முடிக்கும்போது முதல் புள்ளி இளகியிருக்கும். மெதுவாக ஒரு வழிப்பு, மடிப்பை மாற்றி இன்னொரு வழிப்பு. அதற்கும் அசையாததற்கு மட்டும் கடையின் தார் மருந்து. முடிந்ததும் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, மெழுகு தடவுவாள். எண்ணெய்ப் பொருளை எண்ணெய்தான் கரைக்கும் என்று நான் படித்த இடத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். அவள் தார் ஒட்டிய குதிகாலில் எண்ணெய் தேய்த்தே அதைக் கற்றிருந்தாள்.

லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் கறுப்புக் கார் கொண்டுவந்தார். அவள் கிண்ணத்தோடு உட்கார்ந்ததைப் பார்த்ததும் பொறுமை போய், சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்துத் தாமே ஒரு புள்ளியைச் சுரண்டக் குனிந்தார். பேச்சி அவர் கையைப் பிடிக்கவில்லை. கதவுக்கும் காசுக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தாள். "எங் கையில சுரண்டுங்கண்ணே, மறுபடி தோலு வந்துரும். இதுக்கு வராது." அவர் நிமிர்ந்து, காசைப் பைக்குள் போட்டுவிட்டு, பெஞ்சில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் கழித்து, கதவில் தம் முகத்தையும் மீசையையும் தெளிவாகப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இந்தம்மாவ எங்க லாரி ஆபீஸுக்கு அனுப்புங்க. எங்காளுக எல்லாரும் சுரண்டுற பயலுகதான்."

சந்தனப் பொட்டு

நம் ஊரில் புதுக் காருக்குப் பூசை போட்டால் பானெட்டில் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். வெயிலில் காய்ந்து பெயிண்டோடு ஒட்டி, கடைசியில் பெயிண்டையும் கூட்டிக்கொண்டுதான் உதிரும். இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.

புதுக் கார் ஒன்றில் அந்தப் பொட்டின் மேலேயே தார் தெறித்து வந்தது. ஓட்டிவந்த அம்மா ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். தார் போக வேண்டும், பொட்டு போகக் கூடாது என்றார். எந்தக் கரைப்பானும் இரண்டையும் பிரித்துப் பார்க்காது என்று விளக்கினேன். என் விளக்கம் முடிவதற்குள் அவர் சாவியைத் திரும்ப எடுத்துவிட்டார். பேச்சி கேட்டாள்: "அக்கா, வீட்டுல சாமி படத்துல பொட்டு அழுக்கானா என்ன செய்வீக? தொடச்சிட்டுப் புதுசு வைக்க மாட்டீகளா?" அந்த அம்மா யோசித்தார். சாவி திரும்பி வந்தது. தார் போயிற்று, பழைய பொட்டும் போயிற்று. பேச்சி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எங்கள் கடையின் சாமி படத்தடியிலிருந்து சந்தனம் குழைத்து, பானெட்டில் வைக்காமல் உள்ளே கண்ணாடிக்கு அடியில் ஒரு சிறு அட்டையில் வைத்து ஒட்டிக் கொடுத்தாள். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு ஏறினார். ஜன்னலை இறக்கி என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா அவங்க சொன்னதுதான் புரிஞ்சது."

அத்தர் கடை பாய்

பழைய மதுரையில் அத்தர் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் நல்ல மத்தியான வெயிலில் வந்தார். வாப்பா காலத்துக் கடை, மூக்கில்தான் பிழைப்பு. அவசரம் என்றார். பேச்சி பானெட்டைத் தொட்டுப் பார்த்து, "சுடுது பாய். இப்ப மருந்து வச்சா காஞ்சு கறையாயிரும். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். அவசரக்காரர் டீ குடிக்கப் போனது எனக்கே ஆச்சரியம். திரும்பி வந்ததும் அவள் பஞ்சு வைப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் கடைத் துணியை எடுத்து முகர்ந்து, எங்கள் தார் மருந்தில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு நூலகராக, இந்த இரண்டு பேரையும் எந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது பாய் ஒரு சின்னக் குப்பியைப் பேச்சியிடம் நீட்டினார்: "அத்தரும் இப்புடித்தாம்மா. தேய்ச்சா செத்துரும். தொட்டு வச்சிட்டு சும்மா விட்ரணும்."

வலது பின்கதவு

இனி நான் சொல்ல விரும்பாத கதை.

பசுமலையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் சிவப்புக் கார் கொண்டுவந்தார். பழைய வண்டியாக வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. 'அடிபடாத வண்டி' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வலது பின்கதவின் அடியில் தார் கனமாக இழுத்திருந்தது. பேச்சி சாப்பிடப் போயிருந்தாள். இத்தனை நாள் வேடிக்கை பார்த்திருக்கிறோம், நமக்கும் வராதா என்று எனக்கு ஓர் எண்ணம். வாத்தியாரிடம் கரைப்பான்களின் வகைகளைச் சொல்லிக்கொண்டே, எண்ணெயைத் தொடாமல் நேராக மருந்தில் நனைத்த துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். துணி சிவந்தது. விரலில் ரத்தமோ என்று பார்த்தேன். ரத்தமில்லை, கதவு. அந்தக் கதவுக்கு மட்டும் எங்கேயோ மட்டமாக மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மூலையில் ஒரு முறை தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏழாவது விதி, என் கையெழுத்தில், சிவப்பு மையில், என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு மங்கிவிட்ட இடத்தில் மெழுகைத் தடவினேன். ஈரத்தில் எல்லாம் பளபளத்தது. வாத்தியார் போன் பேசிக்கொண்டே வண்டியை எடுத்துப் போனார். சிவந்த துணியை அழுக்கு வாளியின் அடியில் திணித்தேன். சாப்பிட்டு வந்த பேச்சி வாளியைக் கழுவ எடுத்தாள். துணியை வெளியே எடுத்து, விரித்துப் பார்த்து, பிழிந்து, கொடியில் காயப்போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தார் கருப்பாத்தானே சார் இருக்கும்."

புகார்

மறுநாள் காலை வாத்தியார் செல்வத்துக்குப் போன் செய்துவிட்டார். வெயில் ஏறியதும் கதவில் வட்டமாக வெளுத்துத் தெரிகிறதாம். யார் தேய்த்தது என்று அவர் சொல்லவில்லை, செல்வமும் கேட்கவில்லை. தார் என்றால் பேச்சி என்று அதற்குள் எல்லோருக்கும் பழகியிருந்தது. "பேச்சி, இங்க வா. நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஒரு கம்ப்ளெயிண்ட்டுனு?" என்றான்.

அவள் கையுறைகளைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் வைத்தாள். 'நான் இல்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. கொடியில் அந்தச் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. நான் பலகையைப் படிப்பது போல நின்றுகொண்டிருந்தேன். ஒன்றாவது விதியிலிருந்து படித்தேன். ஏழாவதுக்கு வரும்போது அவள் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மாப்ள, அது நான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். துணி, மருந்து, மெழுகு எல்லாவற்றையும் சொன்னேன். கதவு மறுபெயிண்ட் என்பதையும் சொல்லப் போனேன். அது சாக்குப் போலக் கேட்டதால் பாதியில் நிறுத்திவிட்டேன். செல்வம் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா புருஷனை எதுவும் சொல்லக் கூடாது என்பது அவன் வீட்டுப் பழக்கம். அதற்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தான்: "ஒரு கம்ப்ளெயிண்ட்டுக்கு வெளியன்னு சொன்னது தார் எடுக்குற ஆளுக்குத்தானே மச்சான்? அப்ப இனிமே நீங்க தார்ப்பக்கம் வராதீக. பேச்சி, ரோடு வேலை முடிஞ்சாலும் நீ எங்கயும் போக வேணாம்."

கடைசியாக ஒன்று

வாத்தியாரை வரச்சொல்லி, அந்தக் கதவை நல்ல பெயிண்டரிடம் கொடுத்து ஒழுங்காக அடித்துக் கொடுத்தோம். 'அடிபடாத வண்டி' என்று பொய் சொல்லி விற்றதை இப்படியாவது தெரிந்துகொண்டேனே என்று அவர் எனக்குக் கைகொடுத்தார். நன்றியா கிண்டலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பேச்சியிடம் நான் அன்று மாலையே கேட்டேன். வேலையே போயிருக்கும், அந்தக் கொதிக்கிற சட்டிக்குத் திரும்பிப் போயிருப்பாள், அத்தனை நேரம் ஏன் வாயைத் திறக்காமல் நின்றாள் என்று. ஒரு வெள்ளைக் காரின் அடியில் பஞ்சை ஒற்றிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னாள்: "நீங்களே சொல்லுவீகன்னு தெரியும் சார். நான் சுரண்டி எடுத்திருந்தா உங்களுக்குத் தழும்பாயிருக்கும்ல? அதான் கொஞ்சம் ஊறட்டும்னு விட்டேன்."

இப்போது பலகையில் பத்தாவதாக ஒரு விதி இருக்கிறது, அது செல்வத்தின் கையெழுத்தில் 'சார் தொடக் கூடாது' என்கிறது, நானும் மிதியடிகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிக் கழுவிக்கொண்டு, படித்ததெல்லாம் வீண்போகவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.