கசாப்புக்காரருக்கு வந்த மனசாட்சி

எங்கள் சுவிட்சர்லாந்து கடைசியாக எப்போது போருக்குப் போனது என்று கேட்டால் பள்ளிக்கூட வாத்தியாரே தலையைச் சொறிவார். ஆனாலும் ஊரில் வீட்டுக்கு வீடு அலமாரியில், குளிர்காலக் கம்பளிகளுக்குப் பக்கத்தில், ஒரு ராணுவத் துப்பாக்கி உண்டு. வருடம் தவறாமல் அதைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போவோம். அங்கே பல் வைத்தியர் ஸ்டெட்லர் மேஜர். கசாப்புக் கடை வால்டர் ஹாபெக்கர் சாதாரணச் சிப்பாய்.

எழுபத்து நாலில், வைக்கோல் பொம்மைகளைத் தொங்கவிட்டு, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தப் பழக்கினார்கள். குமாஸ்தாக்கள் மெத்தையில் தூசி தட்டுவதுபோல் குத்தினார்கள். வால்டர் குத்தியது ஒரே குத்து. பொம்மையின் வயிறு பிளந்து கொட்டியது.

"பாருங்கடா, இப்பிடிக் குத்தணும்!" மேஜர் பூரித்துப்போனார். "வால்டர், இன்னொரு தடவ செஞ்சு காட்டு."

எல்லோரும் கைதட்டினோம். வால்டர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துப்பாக்கியைப் புல்லில் கிடத்தினார்.

"முடியாது மேஜர்."

"ஏன், கை சுளுக்கிருச்சா?"

"கை நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. பன்னிக்கும் பொம்மைக்கும் அது வித்தியாசம் பாக்கல. நாளைக்கு மனுஷனுக்கும் பாக்காது. இனிமே இதத் தொடமாட்டேன்."

அன்று மாலை ஊர் மதுவிடுதியில் ஒரே சிரிப்பு. "வாரா வாரம் பன்னி அறுக்கிறவனுக்கு மனசாட்சியாம்!"

வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. வாரநாட்களில் வங்கி வக்கீலாக இருப்பவர் அங்கே கர்னல் உடுப்பில் நீதிபதி. கடவுள் சொல்லித் துப்பாக்கியைக் கீழே போட்டவனுக்குத் தண்டனை குறைவு, தானாக யோசித்துப் போட்டவனுக்கு அதிகம். "ஏசு கனவுல வந்தார்னு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்று வால்டரின் வக்கீல் கெஞ்சிப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போவீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"கிறிஸ்துமஸுக்கு. பெண்டாட்டி இழுத்துட்டுப் போனா."

"அப்ப யார் சொல்லி மறுக்கிறீங்க?"

"மறுக்கச் சொல்லி யாரும் சொல்லலீங்க. குத்தச் சொல்லித்தான் சொன்னாங்க."

"தினமும் மிருகங்களக் கொல்றீங்களே?"

"ஆமாங்க, திங்கிறதுக்கு. நீங்க சண்டையில கொன்னவங்கள என்ன செய்யறதா உத்தேசம்?"

எட்டு மாதம் விழுந்தது. இந்தக் கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் ஆறோடு போயிருக்கும் என்றார் வக்கீல்.

சிறைக் கண்காணிப்பாளர் தொழிலை விசாரித்தார். கசாப்பு என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். ஆயுதம் தொட மறுத்து உள்ளே வந்தவரிடம் சமையலறையின் மிக நீளமான கத்தியைக் கொடுத்தார். மற்ற கைதிகளுக்குக் கரண்டி மட்டும்தான்.

கடையை மனைவி ரோஸ்மரி நடத்தினாள். தேசபக்தியை முன்னிட்டு நாங்கள் பக்கத்து ஊரில், கொத்திய கறியைக் குடலில் அடைத்த தொத்திறைச்சி வாங்கினோம். அதில் பாதி ரொட்டித்தூள். பத்தே நாளில் தேசபக்தி தளர்ந்து, பெண்டாட்டிகளை ரோஸ்மரியிடம் அனுப்பினோம்.

வால்டர் திரும்பி வந்து பழையபடி கடையில் நின்றார். துப்பாக்கி சுடும் சங்கம் அவர் பெயரை அடித்துவிட்டது. ஸ்டெட்லர் அவருக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். மரத்துப்போகப் போட்ட ஊசியில் மருந்து இருந்ததா என்ற சந்தேகம் வால்டருக்குக் கடைசிவரை தீரவில்லை.

இருபது வருடம் கழித்துச் சட்டம் மாறியது. மறுக்கிற பையன்கள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தால் போதும். முதலில் மனுப் போட்டவர்களில் ஸ்டெட்லரின் பேரனும் ஒருவன்.

"நம்ம நாட்டுல மனசாட்சிக்கு எப்பவுமே மரியாதை உண்டு" என்று விடுதியில் முழங்கினார் கிழட்டு மேஜர்.

அடுத்த மேசையிலிருந்து வால்டர் திரும்பினார். "அது எந்த நாடு மேஜர்? சொல்லுங்க, நானும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரேன்."

மேஜருக்குக் காது மந்தம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.