அறுபது நோட்டும் ஒரு புளியமரமும்

போன வாரம் கச்சிராயபாளையம் சாலையில் பேருந்து நின்றுவிட்டது. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். மரம் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பச்சைப் புளியமரத் தூளின் வாசனை உள்ளே வந்தது. மற்றவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வாய்க்குள் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் ஓட ஆரம்பித்தது. 'ஷீ இஸ் டூ வீக் டு ஸ்டேண்ட்.' புளியமரத்துக்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் ஞானமுத்து சார் டுடோரியல் நடத்திக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள்தான் எங்கள் மாணவர்கள். அறுபது பேர். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராக வருகிறவர்களின் சட்டையில் கருப்பஞ்சாற்றுப் புளிப்பு அடிக்கும். கீழேயிருந்து யூரியா நெடி. இந்த இரண்டுக்கும் நடுவில் மீசை சரியாக முளைக்காத நான், 'சார்'.

ஞானமுத்து சாரின் பிடிவாதம் ஒன்று உண்டு. இங்கிலீஷில் தேர்ச்சி பெற முழுப் பாடமும் வேண்டாம், சில அச்சுகள் போதும் என்பார். ரெடி, அஃப்ரெய்ட், ஏபிள், அனேபிள், ஹார்ட், ஈஸி என்று இருபது சொற்களைச் சுவரில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு 'டு', டுவுக்குப் பின்னால் வினை, அந்த வினைக்கு வால் இருக்கக் கூடாது. 'ரெடி டு கோ' சரி. 'ரெடி டு கோயிங்' தப்பு, கோவுக்கு வால் முளைத்துவிட்டது. தினமும் ஆளுக்கு ஐந்து வாக்கியம், சொந்த வீட்டு விஷயமாக எழுதிக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டு வேளைக்குள் அறுபது நோட்டையும் திருத்துவது என் வேலை.

முதல் வாரம் நான் ஒவ்வொன்றையும் படித்தேன். 'என் மாமியார் பயப்படுவதற்கு எளிதானவர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'காளையைக் கறப்பது கடினம்' என்று இன்னொருவர். பசுவுக்குப் பதில் காளை. சிரித்துக்கொண்டே அதை ஞானமுத்து சாரிடம் காட்டினேன்.

"காளையோ கழுதையோ, உனுக்கு இன்னாப்பா? டு கரெக்டா கீதா? டிக் போட்டுட்டுப் போயிக்கினே இரு" என்றார்.

நானும் அந்த வித்தையைப் பழகிக்கொண்டேன். ஆள்காட்டி விரலை வாக்கியங்களின் மேல் ஓட்டினால் கண் டுவில் மட்டும் போய் நிற்கும். வால் இருக்கிறதா என்று பார்த்து ஒரு டிக். ஒரு நோட்டுக்கு அரை நிமிடம் ஆகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

சடையன் எங்கள் மாணவர்களில் ஒருவர். கல்வராயன் மலைக்காரர், வனத்துறையில் தற்காலிகக் காவலர். பத்தாம் வகுப்பு முடித்தால் வேலை நிரந்தரமாகும். இங்கிலீஷ் மட்டும் நான்கு முறை அவரைக் கீழே தள்ளியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து இரண்டு மூன்று நாள் தங்கிப் படித்துவிட்டுப் போவார். பையில் எப்போதும் கடுக்காய் இருக்கும். முப்பத்தைந்து வயது மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார், எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் 'சடையண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு யாரிடமும் எதுவும் கேட்க வராது. தாகமெடுத்தால் பானைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே தவிர, தண்ணீர் கொடுங்கள் என்று வாய் திறக்க மாட்டார்.

இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்களில் மறியல் நடந்த வருடங்கள் அவை. எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தக் கிளர்ச்சி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒரு நாள், மறுநாளிலிருந்து ஒரு வண்டியும் ஓடக் கூடாது, அன்று மாலையே சாலை மரங்களைச் சாய்த்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. என்னையும் வரச் சொல்லி என் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். அன்று மத்தியானம் என் விரல் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

சடையண்ணன் நோட்டில் ஐந்து வாக்கியம். ஐந்து டு. ஒன்றிலும் வாலில்லை. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஐந்து டிக் போட்டு, கீழே 'வெரி குட்' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? நோட்டைத் தூக்கிப் பிடித்து, "சடையண்ணன் இன்னிக்கு ஒரு வால்கூட வுடல!" என்று வகுப்புக்கே அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து நான் இறங்கும்போது மாடிப்படியில் நின்றிருந்தார்.

"சார், நோட்டுல எழுதிக்கீறேன்..."

"பாத்தேண்ணே. ரொம்ப நல்லா கீது. இப்படியே எழுதுங்க, பாஸுதான்."

"செரிங்க சார்."

"நாளைலேர்ந்து பஸ்ஸு ஓடாது. இப்பவே மலைக்குப் போய்டுங்க."

அவர் போய்விட்டார். நான்தான் அனுப்பி வைத்தேன்.

மாலையில் எங்கள் ஊர் எல்லையில் இருந்த பெரிய புளியமரத்துக்கு ரம்பம் வைத்தார்கள். "வாத்தியாரே, கயித்தப் புடிடா" என்றார் அண்ணன். பிடித்தேன். மரம் சாய்ந்தபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சல்கூட அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை மரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தோம். கோமுகி அணைப் பக்கமிருந்து ஓர் ஆள் முதுகில் எதையோ வேட்டியால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, சடையண்ணன். முதுகில் ஏழெட்டு வயதுப் பெண். தலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அவரைத் தடுக்கவில்லை. அண்ணன்தான் முதலில் ஓடினார். "கொழந்தப்பா, புடிங்க, புடிங்க." ஆளாளுக்குக் கை கொடுத்து மரத்தைத் தாண்டி இறக்கினோம். ஆனால் ஏற்றிக்கொண்டு போக வண்டி இல்லை. இருந்தாலும் போகாது, கள்ளக்குறிச்சி வரைக்கும் மரங்கள். நான் அவரோடு நடந்தேன். மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டோம். உடம்பு கொதித்தது. அந்தப் பெண்ணுக்கு எடையே இல்லை.

பாதி வழியில் கேட்டேன். "எத்தன நாளா ஜொரம்ணே? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

அவர் நடையை நிறுத்தவில்லை. "எழுதியிருந்தனே சார். நீங்க படிச்சிட்டு நல்லா கீதுன்னு சொன்னீங்களே."

எனக்குப் புரியவில்லை.

"உங்க அக்கா ஆஸ்பத்திரில நர்ஸா கீறாங்கன்னு தெரியும். உங்ககிட்ட வாயால கேக்க வர்ல. அதான் இங்கிலீசுல எழுதினேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப பெரிய சீக்கு இல்லபோலன்னு நெனச்சிக்கினேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்தப் பெண் அன்று பிற்பகலில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்தபடி நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் போகும்போதும் சாலையில் மரங்கள் கிடந்தன. கூட வருகிறேன் என்றேன். "வேணாங்க சார், இருங்க" என்றார். நான் இருந்துவிட்டேன். அவர் தனியாக ஒவ்வொரு மரமாக அவளை ஏந்தித் தாண்டியிருப்பார். அதை நான் பார்க்கவில்லை. பார்க்காததால்தானோ என்னவோ, இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டுடோரியல் திறந்ததும், அன்று அவர் எடுக்காமல் விட்டுப்போன நோட்டைத் தேடி எடுத்தேன். 'மை டாட்டர் இஸ் அனேபிள் டு ஈட். ஷீ இஸ் டூ வீக் டு ஸ்டேண்ட். ஐ ஆம் அஃப்ரெய்ட் டு லீவ் ஹெர். இட் இஸ் ஹார்ட் டு ஆஸ்க் யூ. யூ ஆர் ஏபிள் டு ஹெல்ப்.' என் மகளால் சாப்பிட முடியவில்லை, நிற்கக்கூடத் தெம்பில்லை, அவளை விட்டு வரப் பயமாயிருக்கிறது, உங்களிடம் கேட்பது கஷ்டமாயிருக்கிறது, உங்களால் உதவ முடியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் சிவப்பு டிக். கீழே என் 'வெரி குட்'.

"அறுபது நோட்டுப்பா, நீ இன்னா பண்ணுவ" என்றார் ஞானமுத்து சார். அதற்குப் பிறகு எனக்கு விரல் ஓடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படித்தேன். நோட்டுகள் தேங்கின. சாரே ஒரு நாள் வருத்தத்தோடு என்னை அனுப்பிவிட்டார்.

சில வருடம் கழித்து எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது, அந்தக் கிளர்ச்சியால் வந்த ஒதுக்கீட்டில்தான். அது நியாயமான கோரிக்கை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் உள்ளங்கை எரியும். எந்த மனுவையும் கடைசி எழுத்து வரை படிக்காமல் நகர்த்த மாட்டேன். அலுவலகத்தில் எனக்கு ஆமை என்று பெயர்.

சடையண்ணன் டுடோரியலுக்குத் திரும்ப வரவில்லை. ஆனால் அந்த முறை செய்தித்தாளில் வந்த தேர்ச்சிப் பட்டியலில் அவருடைய எண் இருந்தது. எப்போது, எப்படி வந்து எழுதினாரோ. ஒரு தடவை அவரைப் பார்க்கலாம் என்று வெள்ளிமலை வரைக்கும் போனேன். பேருந்தை விட்டு இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அதே பேருந்தில் திரும்பி வந்துவிட்டேன்.

உரக்கடை மாடி இப்போது செல்போன் கடை. ஞானமுத்து சார் இல்லை, அண்ணனும் இல்லை. அந்த நோட்டை இரண்டு மூன்று வீடு மாறியதில் எங்கோ தொலைத்தேன். நாங்கள் சாய்த்த மரத்தின் அடிக்கட்டை மட்டும் பக்கத்தில் துளிர்விட்டு மறுபடி மரமாகி நின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். போன வாரம் அதைத்தான் அறுத்தார்கள். வேரையும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்துவிட்டு, குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து கிளம்பியது. அந்தப் பெண்ணை மனதுக்குள் கூப்பிட நினைத்தேன், கூப்பிட முடியவில்லை. அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடந்தும் நான் கேட்கவில்லை. அவர் நோட்டில் 'மை டாட்டர்' என்றுதான் எழுதியிருந்தார்.