பல்லுவலிப் பூ

பல்லுவலிப் பூவைப் பார்த்தால் யாரும் பூ என்று சொல்லமாட்டார்கள். இதழே கிடையாது. சுண்டுவிரல் நுனியளவு ஒரு மஞ்சள் கூம்பு, அவ்வளவுதான். அது செவ்வந்தியின் சொந்தக்காரி என்று பிற்காலத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்களத்தில் அக்மெல்ல என்பார்கள். வத்தேகமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கானோரமெல்லாம் மண்டிக் கிடக்கும். மென்றால் நாக்கு சுறுசுறுவென்று இழுத்து மரத்துப்போய், வாயெல்லாம் எச்சில் ஊறும். தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, உயர்தரப் பரீட்சை பாஸாகி, டீச்சராவதற்குக் கல்வியியற் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்த சமயம் அது. அப்பாவோ, தாய் தகப்பன் இல்லாத பெண்ணை ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தால்தான் நிம்மதி என்று நின்றார். அத்தை அழுதாள், பட்டினி கிடந்தாள். ஊஹும்! அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கலகெதரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த அன்று காலை அத்தை என்னைக் கூப்பிட்டாள். "பாப்பா, பல்லு வலி உயிர் போகுது. கொஞ்சம் பூ பறிச்சிட்டு வா." எனக்கு ஏழு வயது. அத்தை என்றால் எனக்கு உயிர். ஓடிப்போய்ப் பாவாடை நிறையக் கொண்டுவந்தேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்து, இரவல் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அத்தை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பெண் பார்க்க வந்தால் பெண்ணை நாலு வார்த்தை பேசவைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். அத்தை வாயைத் திறந்தாள். ஒரு குழறல் வந்தது. கூடவே எச்சில் மோவாயில் வழிந்தது. அப்பா இஞ்சி தின்ற குரங்காக விழித்தார்.

வந்தவர்கள் எழுந்து போவார்கள் என்றுதான் அத்தை கணக்குப் போட்டிருந்தாள். அந்த அம்மா எழுந்தார், ஆனால் வாசலுக்குப் போகவில்லை. அத்தையிடம் வந்து தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

"எங்கண்ணன் மகளுக்கும் பேச்சு வராது. அவள யாரும் கட்டிக்கல. எங்க வீட்டுல உன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க புள்ள. எங்களுக்குச் சம்மதம்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "அத்தைக்குப் பல்லு வலி இன்னும் போகல! நான் இன்னும் பூ பறிச்சிட்டு வர்றேன்!" என்று கத்தினேன்.

பூ என்றதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு அத்தை மேல் பாய்ந்தார். அந்த அம்மா குறுக்கே நின்றார். "இருங்க தம்பி" என்றவர் அத்தையிடம் திரும்பினார். "எதுக்குடா புள்ள இப்படிச் செஞ்ச?"

அத்தை மரத்த நாக்கோடு, "படிக்கணும்" என்றாள். மூன்று தரம் சொன்ன பிறகுதான் அது வார்த்தையானது.

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். "படிக்க அனுப்புங்க தம்பி. இன்னிக்குப் பூவ மென்னிருக்கா. அடுத்த தடவ வேற எதையாச்சும் முழுங்கிட்டா என்ன செய்வீங்க?"

ஓங்கிய கை இறங்கியது. அப்பா கதிரையில் உட்கார்ந்தார்.

அவர்களைத் திரீவீலர் வரை கொண்டுவிட நான்தான் போனேன். வழியெல்லாம் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "விடுங்கம்மா" என்றார் மகன். அப்பா கை ஓங்கியதில் அந்த அம்மா பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "அப்பா இனி அடிக்க மாட்டாரு" என்று ஆறுதல் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் மட்டுமே மருமகளாக இருந்த பெண்ணுக்காக ஒருத்தி இப்படி அழுவாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?