மங்காத மங்கு

கஸ்தூரி மஞ்சளையும் பச்சைப்பயறையும் வெயிலில் உலர்த்தி உரலில் இடிக்கும்போது ஒரு நெடி எழும். அது மூக்கில் ஏறியதும் முதலில் தும்மல்தான் வரும், தும்மி முடித்த பிறகுதான் வாசனை தெரியும். நான் சிறுமியாக இருந்த காலத்தில், திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் இன்றைக்கு மாவு இடிக்கிறார்கள் என்பதைத் தும்மல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், புதனும் சனியும் ஆண்களுக்கு. தலைக்குச் சீயக்காய், மேலுக்கு அந்த மாவு. எங்கள் வீட்டில் அதற்குக் "குளிமாவு" என்று பெயர். பூலாங்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ஆவாரம்பூ எல்லாம் அதில் சேரும். அம்மா அதை எங்கள் உடம்பில் தேய்க்கிற தேய்ப்பில் அழுக்கோடு தோலும் போய்விடும் என்று பயந்து நாங்கள் ஓடி ஒளிவோம். அதை ஆசையோடு, அதுவும் யாருக்கும் தெரியாமல், மடியில் கட்டிக்கொண்டு போன ஒரே ஆள் என் சித்தப்பாதான்.

அவர் அப்பாவின் தம்பி. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். நல்ல உயரம், மூக்கும் முழியுமான முகம், தேரோட்டத்தன்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரத வீதி முழுக்கச் சுற்றுகிற நல்ல மனசு. குறை என்று பார்த்தால் இடது கன்னத்தில் ஒரு மாவடு அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று படர்ந்திருந்தது. "மங்கு" என்பார்கள். பெயரைத்தான் மங்கு என்று வைத்தார்களே ஒழிய அது மங்குகிற வழியாக இல்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த முதல் சம்பந்தக்காரர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள், சித்தப்பாவின் கன்னத்தையும் பார்த்தார்கள், "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று எழுந்து போனார்கள். சொல்லவே இல்லை. பிற்பாடு, பையனுக்கு ஏதோ தோல் வியாதி என்று அவர்கள் ஊரில் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அந்த ஊர்க்காரர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த மங்கின் மேல் போர் தொடுத்தார். பாயசத்துக்கு வைத்திருந்த கசகசா பாலில் அரைபட்டுக் கன்னத்துக்குப் போயிற்று. பூஜைச் சந்தனக்கட்டை நாளுக்கு நாள் தேய்ந்தது. குற்றாலத்துக்குப் போய் அருவியில் கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்று, மங்கு அப்படியே இருக்க, கன்னம் வீங்கித் திரும்பினார். தாமிரபரணித் தண்ணீரில் தாமிரம் இருக்கிறது, ஊறினால் மேனி தெளியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு பக்கக் கன்னத்தை ஆற்றில் முக்கியபடி சாய்ந்து கிடப்பார். குளிக்க வருகிறவர்கள், "காதுவலியா வே?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போவார்கள்.

இந்த நிலையில்தான் சேரன்மகாதேவியிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையைப் பார்க்கப் பெண்ணின் தகப்பனாரே ஒரு சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா தூத்துக்குடியில கப்பலேறிக் கொழும்புக்குப் போயிருவேன், மைனி" என்றார் சித்தப்பா அம்மாவிடம்.

"போங்க தம்பி. மங்கு அங்கன கூட வராதாக்கும்?" என்று அம்மா கேலி செய்தாள். ஆனால் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். கொழும்புக்குப் போனவர்கள் சட்டென்று திரும்புவதில்லை என்று எனக்கும் தெரியும்.

சொன்ன நாளும் வந்தது. காலையில் சித்தப்பா நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சியிடம் போய், சிநேகிதன் ஒருவனுக்குக் கன்னத்தில் மங்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி இவர் கன்னத்தையே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உம்ம சிநேகிதன சாதிக்காய உரசிப் போடச் சொல்லும். பச்சப்பிள்ளைக்கு உரசிக் குடுப்பாவள்லா, அந்தக் காய்தான்" என்றாராம். வாங்கப் பிரியமில்லை; வாங்கினால் சிநேகிதன் யார் என்று தெரிந்துவிடுமே! என் கைக்குழந்தைத் தம்பியின் மருந்துப்பெட்டி வீட்டிலேயே இருந்தது. அதில் சாதிக்காயோடு மாசிக்காய், கடுக்காய், வசம்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பிள்ளை வளர்த்து அறியாத சித்தப்பா, பார்க்க உருண்டையாக அழகாக இருந்த மாசிக்காயை எடுத்துக்கொண்டார். உரைகல் அம்மாவிடம் இருந்ததால், துருப்பிடித்த இரும்புக் கரண்டியின் முதுகில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து அதை உரசோ உரசென்று உரசி, கன்னத்தில் தடிமனாக அப்பிக்கொண்டு மதியம் படுத்துவிட்டார்.

மாசிக்காயின் துவர்ப்பும் இரும்புத் துருவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் மை காய்ச்சியவர்களுக்கெல்லாம் தெரியும். வக்கீல் வீட்டுக்கு மாதாமாதம் மை காய்ச்சிக் கொடுத்தவரே சித்தப்பாதான்! ஆனால் அவர் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போட்டுக் காய்ச்சுகிறவர். இதுவும் அதே சமையல்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"மைனி!" என்று ஒரு அலறல் கேட்டு ஓடினோம். மாவடு அகலத்து மங்கு, வெற்றிலை அகலத்துக்கு நீலமும் கறுப்புமாக விரிந்திருந்தது. அம்மா புளியைப் போட்டாள், மோரைப் போட்டாள், அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கினாள். கன்னம் சிவந்ததே தவிரக் கறுப்பு அசையவில்லை.

"என்ன தம்பி, கன்னத்துல பத்திரம் எழுதப் போறீயளா?" என்றாள் அம்மா, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்.

அதற்குள் வாசலில் வில்வண்டியின் சலங்கைச் சத்தம். அம்மா விபூதி மடலை அப்படியே கவிழ்த்து, நெற்றி, கன்னம், கழுத்து என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சித்தப்பாவுக்குப் பூசி உட்கார வைத்தாள்.

பெண்ணின் தகப்பனார் பழுத்த சைவர். பார்த்ததும் உருகிப்போய்விட்டார். "இந்தக் காலத்துப் பயலுவ நெத்தியில இட்டுக்கிடவே கூச்சப்படுதானுவ. மாப்பிள்ளை கன்னத்துலயும்லா பூசியிருக்காவ!" என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். முந்திரிக்கொத்தும் காப்பியும் வந்தன. காப்பி சூடு, சித்தப்பாவுக்கோ பயம், வியர்க்கத் தொடங்கியது. வியர்த்தால் விபூதி கரையுமே என்று அம்மா என்னிடம் விசிறியைக் கொடுத்து வீசச் சொன்னாள். சித்தப்பாவைக் கொழும்புக்குப் போகவிடக் கூடாது என்கிற ஆவேசத்தில் நான் வீசிய வீச்சில், விபூதி புகையாகக் கிளம்பிப் பெரியவரின் காப்பியில் இறங்கியது. அவர் தும்மி நிமிர்ந்தபோது எதிரே கறுப்புக் கன்னம் பளிச்சென்று தெரிந்தது.

என் கை விசிறியோடு அப்படியே நின்றுவிட்டது.

"கன்னத்துல என்ன மாப்பிள்ளை?" என்றார் அவர் பைய.

வக்கீல் வீட்டில் அத்தனை காலம் இருந்தவருக்கு ஒரு பொய் சொல்ல வராமலா இருக்கும்? சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "மங்கு மாமா. போகட்டும்னு மருந்து போட்டேன். மையாப் போச்சு" என்றார்.

பெரியவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், தும்மலும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எம் மவளும் ஒரு மாசமா மூஞ்சில எதையெல்லாமோ அப்பிக்கிட்டுப் பெத்த தகப்பனயே கிட்ட விட மாட்டேங்கா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாத்தான் இருக்கு. தாம்பூலத்த எடும் வே!" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பே மை உரிந்து போயிற்று. மங்கு இருந்தது. சித்தப்பா மறுபடியும் கசகசாவை எடுத்தபோது, புதிதாக வந்த சித்தி அதைப் பிடுங்கிப் பாயசத்தில் போட்டுவிட்டாள். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். தேர்க்கூட்டத்துல உங்கள அத வச்சுத்தான் கண்டுபிடிக்கேன்" என்றாளாம். எங்கள் வீட்டில் சந்தனக்கட்டை தேய்வது அன்றோடு நின்றது.

சில வருஷம் கழித்துச் சித்தப்பா பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோக்காரர் நல்ல மனசோடு, கேட்காமலே, மங்கு இருந்த இடத்தை அழித்துச் சுத்தமான கன்னமாக ஆக்கிக் கொடுத்துவிட்டார். ஆயுசு முழுக்கப் போராடியது நடந்துவிட்டதென்று சித்தப்பா பூரித்துப்போய்க் கொண்டுவந்து காட்டினார். சித்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள். பிறகு அவருடைய மைக்கூட்டில் ஒரு ஈர்க்குச்சியை முக்கி, படத்தின் கன்னத்தில் அளவாக ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்து, "இப்ப நீங்கதான்" என்று சுவரில் மாட்டினாள்.

இருவரும் இப்போது இல்லை. அந்த உரலும் இல்லை. மாவு இடிக்கிற நாளில் தெரு முழுக்கத் தும்முவதும் இல்லை. என் பேத்தியின் அலமாரியில் புள்ளி போக்குகிற களிம்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் வாசனையும் கிடையாது, தும்மலும் கிடையாது. படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அதில் நாற்காலி போயிற்று, தலைப்பாகை போயிற்று, மீசையும் கண்ணும்கூடப் போய்விட்டன. வெளுத்த அட்டையின் நடுவில் சித்தி வைத்த பொட்டு மட்டும் நேற்று வைத்தது போலக் கறுப்பாக இருக்கிறது.

போன வாரம் பேத்தி அதைத் துடைக்க எடுத்தவள், "ஆச்சி, வெறும் அட்டையில மை கொட்டியிருக்கு. தூரப் போட்டுரவா?" என்று கேட்டாள்.

"அது மை இல்லட்டி" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "எங்க சித்தப்பா."